அழைப்பால் அமையும் சுற்றம்

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பது. இன்று விருந்து என்றவுடன் இலையில் பரிமாறப்படும் உணவே நம் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோரோ, வீட்டு வாயிலில் புதிதாக வந்து நிற்கும் மனிதரை அச்சொல்லாற் குறித்தனர். உறவினர் வந்தால் அவர் சுற்றத்தார். முன்பின் அறியாதவர் வந்தால் அவரே விருந்தினர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்களின் விருந்துகளையும் சமூகக் கொண்டாட்டங்களையும் இன்று சிறிது நேரம் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்க விருந்து என்றதும் நேயர்களிற் பலருக்குத் திரைப்படக் காட்சிகள் தோன்றக்கூடும். கையில் மதுக்கிண்ணம், காதைத் துளைக்கும் இசை, நள்ளிரவு கடந்த ஆட்டம் ஆகியவையே அக்காட்சிகள். அத்தகைய விருந்துகளும் அங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றை மட்டும் கொண்டு ஒரு மக்களை அளவிடுவது பொருந்தாது. அந்நாட்டில் பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும் இடங்கள் பெரும்பாலும் மிக எளியவை: தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், பள்ளிக்கூடத்தின் உணவறை, தெருமுனை, வீட்டின் கொல்லைப்புறம். இவ்விடங்களில் நடைபெறும் கூட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் பொதுவான ஒரு நோக்கம் புலப்படும். பிறப்பாலோ பூர்விக ஊராலோ இணையாத மக்களை அழைப்பினால் இணைப்பதே அந்த நோக்கம். அது எவ்வாறு தோன்றிற்று, எம்முறையில் செயற்படுகிறது, எங்கெங்கே தவறிற்று, இன்று எந்நிலையில் இருக்கிறது என்பனவே என் பேச்சின் பொருள்.

முதலில் தோற்றத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறியவர்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கிய நாளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. அண்ணன் தம்பியர் கடலுக்கு அப்பால் இருந்தனர். தானியத்தையும் கால்நடைகளையும் காக்கப் பெரிய மரக்கொட்டகை ஒன்று வேண்டும்; அதன் கனத்த சட்டங்களை ஒரு குடும்பத்தாரால் தூக்கி நிறுத்த இயலாது. ஆகவே குறித்த நாளில் அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடி, ஆண்கள் சட்டங்களை எழுப்ப, பெண்கள் பெரும்பந்திக்குச் சமைக்க, மாலையில் உண்டு களித்துப் பிரிந்தனர். கூலி என்று எதுவும் இல்லை. நாளை மற்றொருவர் கொட்டகைக்கு இவர் செல்லவேண்டும் என்பதே கணக்கு. ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினரிடையே இவ்வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இவ்வாறே துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கவும், மக்காச்சோளக் கதிர்களை உரிக்கவும் கூட்டங்கள் கூடின. இக்கூட்டங்களுக்கு ஆங்கிலத்தில் தேனீயைக் குறிக்கும் சொல்லே பெயராக வழங்கிற்று. கதிர் உரிக்கும்போது செந்நிற மணிகள் கொண்ட கதிர் ஒன்று கிடைக்கப்பெற்ற இளைஞன், தான் விரும்பும் பெண்ணை முத்தமிடலாம் என்று ஒரு வேடிக்கை விதியும் இருந்தது. வேலையும் விளையாட்டும், உழைப்பும் உணவும், பல திருமணங்களின் தொடக்கமும் ஒரே கூடத்தில் நிகழ்ந்தன. அமெரிக்க விருந்தின் வேர் இங்கே இருக்கிறது. அரசர் அளித்த விருந்தோ செல்வர் அளித்த கொடையோ அதற்கு மூலம் அன்று. ஒருவர்க்கொருவர் தேவைப்பட்ட அயலார் கூடி உண்ட உணவே அதன் மூலம்.

1831ஆம் ஆண்டில் டோக்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1835, 1840 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல் இன்றும் போற்றப்படுகிறது. எதற்கெடுத்தாலும் அமெரிக்கர்கள் ஒரு சங்கம் அமைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டு வியந்த செய்திகளுள் ஒன்று. பள்ளி நடத்தச் சங்கம், தேவாலயம் எழுப்பச் சங்கம், கேளிக்கை நடத்தவும் ஒரு சங்கம். பிரான்சில் அரசும் இங்கிலாந்தில் பெருநிலக்கிழாரும் முன்னின்று செய்யும் காரியங்களை, இங்கே சாதாரண மக்கள் தாமே கூடிச் செய்கிறார்கள் என்று அவர் எழுதினார். கூடி உண்பதற்கும் கூடி ஆள்வதற்கும் உள்ள தொடர்பை அவருடைய நூல் நமக்கு உணர்த்துகிறது.

இப்பண்பு இன்று மிகத் தெளிவாகக் காணப்படுவது பாட்லக் எனப்படும் விருந்தில். நம் ஊர்ச் சிறுவர் ஆற்றங்கரையில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவது போல, வருவோர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் சமைத்த ஒரு பண்டத்தைக் கொண்டுவந்து நீண்ட மேசையில் வைக்க, அனைவரும் எல்லாவற்றையும் பகிர்ந்து உண்பர். அச்சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் வேறு: திடீரென்று வந்த விருந்தாளிக்குப் பானையில் அன்று இருப்பது எதுவோ அதுவே அவர் பாக்கியம் என்பது. அமெரிக்கர் அதனைப் பலர் கொண்டுவந்து பகிரும் விருந்தாக மாற்றினர். எல்லோரும் ஒரே பண்டத்தைக் கொண்டுவராதிருக்க முன்கூட்டியே ஒரு தாள் சுற்றிவரும். சிலர் காய்க்கலவை, சிலர் இறைச்சி வகை, சிலர் இனிப்பு என்று அதில் எழுதிக்கொள்வர். நம் வீட்டுப் பாத்திரங்களிற் பெயர் வெட்டி வைப்பது போல, அவர்கள் பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய ஒட்டுத்தாளை ஒட்டி அனுப்புவதும் உண்டு. இம்முறையால் அழைப்பவருக்குச் சுமை குறைகிறது. வருபவருக்கு வெறுங்கையுடன் உண்டோம் என்னும் கூச்சமும் இல்லை. ஏழையும் விருந்தளிக்கலாம் என்பதே இதன் தனிச் சிறப்பு.

இனி அழைப்பின் முறைகளைச் சிறிது கவனிப்போம். அமெரிக்க அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் குறிக்கப்படுவதுண்டு. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை என்று அச்சிட்டிருப்பதைக் காணும் நம்மவர், விருந்தாளியை வெளியேறச் சொல்லும் மரியாதைக்குறைவாக அதனை நினைக்கலாம். அவர்கள் கருத்து அஃதன்று. வருபவர் தம் எஞ்சிய பொழுதைத் திட்டமிட்டுக்கொள்ளவும், அழைத்தவரைத் தொல்லைப்படுத்துகிறோமோ என்ற ஐயமின்றி இருக்கவும் அது உதவுகிறது. அழைப்பின் அடியில் நான்கு எழுத்துகள் இருக்கும். தயைகூர்ந்து மறுமொழி அனுப்புக என்னும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. வர இயலாவிட்டாலும் மறுமொழி கட்டாயம். குறித்த நேரத்திற்கு முன்னதாகச் சென்று கதவைத் தட்டுவது பிழை. பத்து நிமிடம் பிந்துவது பிழையன்று. நான் என்ன கொண்டுவரட்டும் என்று வருபவர் கேட்பதும், ஒன்றும் வேண்டாம் என்று அழைத்தவர் சொல்வதும், ஆயினும் ஒரு மலர்க்கொத்தோ மதுக்குப்பியோ கொண்டு செல்வதும் வழக்கம். பரிசு கொடுத்தால் பலவேளைகளில் கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து மகிழ்ச்சியைத் தெரிவிப்பர். விருந்து முடிந்தபின் நன்றிக் கடிதம் எழுதுவது நல்லொழுக்கமாகக் கருதப்படுகிறது.

இத்தகைய முறைகளைத் தொகுத்து எமிலி போஸ்ட் என்னும் அம்மையார் 1922இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டு, இல்லந்தோறும் புகுந்தது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மக்களுக்கு ஒரு பொதுவான வழக்கம் பிறப்பால் வாய்த்திருக்கவில்லை. பாட்டியிடம் கேட்டு அறியவேண்டியதை அவர்கள் நூலைப் பார்த்து அறிந்துகொண்டனர். எழுதி வைத்த விதிகள் இருந்தால் புதிதாக வந்தவரும் கற்றுக்கொண்டு கூட்டத்தில் சேரலாம் அன்றோ?

நின்றுகொண்டே உண்ணும் விருந்தையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும். உட்கார வைத்துப் பரிமாறுவதே மரியாதை என்று பழகிய நமக்கு, கையில் தட்டேந்தி நிற்பது விந்தையாகத் தோன்றும். உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவரோடு மட்டுமே பேசலாம்; நிற்பவரோ ஒருவரிடம் சில நிமிடம் பேசிவிட்டு, எவர் மனமும் நோகாமல் அடுத்தவரிடம் செல்லலாம். வீட்டுக்குரியவர் இருவரை அறிமுகம் செய்கையில் பெயரோடு நிறுத்துவதில்லை. இவருக்கும் உங்களைப் போலத் தோட்டக்கலையில் விருப்பம் என்று ஓர் இழையையும் எடுத்துக் கொடுப்பார். அந்த இழையைப் பற்றிக்கொண்டு பேச்சு வளரும்.

மது பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் குடிப்பழக்கம் மறைவிடங்களுக்கும் வீட்டுக் கூடங்களுக்கும் நகர்ந்தது. பின்னர்ச் சாலை விபத்துகள் பெருகியதைக் கண்டு, 21 வயது நிறையாதவருக்கு மது விற்கலாகாது என்னும் விதியை மாநிலங்கள் ஏற்கச் செய்யும் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. 1988 முதல் மற்றொரு வழக்கமும் பரப்பப்பட்டது. விருந்துக்குச் செல்லும் குழுவில் ஒருவர் அன்று மதுவைத் தொடாதிருந்து, ஏனையோரை வண்டியில் வீடு சேர்க்கும் பொறுப்பை ஏற்பார். இது விருந்தொழுக்கமாகவே அங்கு நிலைபெற்றுவிட்டது. மது அருந்தாதவருக்குப் பழச்சாறோ சோடாவோ வைத்திருப்பதும் வற்புறுத்தாதிருப்பதும் நல்ல இல்லத்தாரின் கடமை.

வாழ்க்கையின் திருப்பங்களில் நடைபெறும் கூட்டங்கள் இன்னும் பொருள் நிறைந்தவை. தாய்மை அடைந்த பெண்ணுக்குத் தோழியரும் உறவினரும் கூடிக் குழந்தைக்குத் தேவையான துணி, தொட்டில் முதலியவற்றை வழங்குவர். பரிசுகளை மழையாகப் பொழிவது என்னும் கருத்தில் அதற்குப் பெயர் அமைந்துள்ளது. நம் வளைகாப்பை அது நினைவூட்டினாலும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே சடங்கு இல்லை, புதுக் குடும்பத்தின் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதே முதன்மை. மணமகளுக்கும் இவ்வாறே நடைபெறும். புது வீடு புகுந்தவர்க்கு அயலார் ரொட்டியோ பழமோ கொண்டுசென்று நலம் விசாரிப்பர். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், காசரோல் எனப்படும், அடுப்பில் வேகவைத்த கலவை உணவைப் பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு அதிகம் பேசாமல் திரும்புவர். எந்த நாளில் எந்த வீட்டு உணவு என்று முறைவைத்து வாரக்கணக்கில் அனுப்புவதும் உண்டு.

குழந்தைகளின் பிறந்தநாள் விழாவைச் சொல்லாமல் விடலாகாது. மெழுகுவத்தி ஏற்றிய கேக்கின் முன் எல்லோரும் பாடும் வாழ்த்துப் பாட்டின் மெட்டு, கெண்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் இருவர் 1893இல் வெளியிட்ட, பள்ளிக்குழந்தைகள் காலை வணக்கம் கூறும் பாட்டிலிருந்து வந்தது. உலகமெல்லாம் பாடிய அந்தப் பாட்டுக்கு ஒரு நிறுவனம் பதிப்புரிமை கொண்டாடிக் கட்டணம் பெற்றுவந்தது. 2015இல் நீதிமன்றம் அவ்வுரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பாட்டு பொதுவுடைமையாயிற்று.

நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே வகை உணவை உண்ணும் திருநாள் நன்றி நவிலும் நாள். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளிற் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோர் 1621இல் முதல் அறுவடை கண்டு மூன்று நாள் விருந்துண்டனர். வாம்பனோக் என்னும் பழங்குடியின் தலைவர் மாசசாயிட், ஏறத்தாழ 90 வீரருடன் வந்து அதிற் கலந்துகொண்டார்; அவருடைய ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர். உண்டவரில் அம்மண்ணின் மக்களே மிகுதி என்பது கருதத்தக்கது. இந்நாளை நாட்டுப் பொதுத் திருநாளாக்க வேண்டும் என்று சாரா ஹேல் என்னும் பத்திரிகாசிரியை ஆண்டுக்கணக்காக எழுதிவந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதனை அறிவித்தார். நாடு இரண்டாய்ப் பிளந்து கிடந்த வேளையில் எல்லோரும் ஒரு நாளில் உணவுக்கு அமர்க என்ற அழைப்பு அது. நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் என்று 1941இல் சட்டம் வரையறுத்தது. அதற்கு முந்தைய நாட்களில் சாலைகளும் விமான நிலையங்களும் நிரம்பி வழியும். வான்கோழி, குருதிநெல்லிக் கூழ், பூசணிப் பணியாரம் ஆகியவற்றின் முன் அமர்ந்து, தாம் எதற்கு நன்றியுடையவர் என்று ஒவ்வொருவரும் சொல்லும் குடும்பங்கள் பல.

ஆயினும் இவ்விருந்தின் பின்கதையையும் நேயர்கள் அறியவேண்டும். அன்று உடனுண்ட மாசசாயிட்டின் மகன் மெட்டகாம், குடியேறியவர்களோடு மூண்ட போரில் 1676இல் கொல்லப்பட்டார். ஆகையால் 1970 முதல் பழங்குடி மக்களும் அவர்தம் நண்பர்களும் இதே நாளில் பிளிமத் நகரில் கூடி, அதனைத் துயர நாளாகக் கடைப்பிடித்து வருகின்றனர். விருந்துக்கு வந்தவரின் மக்கள் நிலத்தை இழந்தனர் என்பதை அக்கூட்டம் மறவாமல் நினைவூட்டுகிறது.

ஜூலை 4ஆம் நாள் கொண்டாடப்படும் விடுதலை விழாவுக்கும் இத்தகைய நிழல் உண்டு. 1776இல் எல்லா மனிதரும் சமம் என்று பறைசாற்றிய பிறகும் அடிமை முறை நீடித்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ், 1852இல் ராசெஸ்டர் நகரில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டபோது, அடிமைக்கு இந்த விழா எதைக் குறிக்கும் என்று வினவி அவையை அதிர வைத்தார். டெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரில் விடுதலைச் செய்தி படைத்தலைவர் ஒருவரால் அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19ஆம் நாள். கறுப்பின மக்கள் அந்நாளை உணவோடும் இசையோடும் கொண்டாடி வந்தனர். தலைமுறைகள் பல கடந்து 2021இல் அது நாட்டு விடுமுறை நாளாயிற்று.

அழைப்பு என்று ஒன்று இருந்தால் அழைக்கப்படாதவர் என்று ஒரு பகுதியினரும் உண்டாகிவிடுகின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் நகருக்கு அருகே லெவிட்டவுன் என்னும் புறநகர் எழுந்தது. 1947இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. இத்தகைய புறநகர்களின் கொல்லைப்புறங்களில்தான் பார்பிக்யூ என்னும் கரியடுப்பு விருந்து செழித்தது. சிகாகோ அருகே உலோகத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல்மிதவை செய்யப் பயன்பட்ட கோளத்தை இரண்டாக வெட்டி, மூடியுள்ள அடுப்பாக 1952இல் அமைத்தார். வார இறுதியில் அவ்வடுப்பின் முன் நின்று இறைச்சி வாட்டுவது குடும்பத்தலைவரின் பெருமையாயிற்று. ஆனால் லெவிட்டவுனின் தொடக்க ஒப்பந்தங்கள் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கலாகாது என்றே கூறின. பென்சில்வேனியாவில் அதே பெயரில் எழுந்த மற்றொரு புறநகரில், 1957 ஆகஸ்டில் முதல் கறுப்பினக் குடும்பம் குடிபுகுந்தபோது கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. அண்டை வீட்டாரிற் சிலர் அக்குடும்பத்துக்குத் துணை நின்றனர் என்பதும் உண்மையே.

ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கெனத் தனி விருந்துகளை அமைத்துக்கொண்டனர். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களிடம் மிகுந்த வாடகை வாங்கப்பட்டது. மாத முடிவில் கையில் பணமில்லாதவர் தம் வீட்டிலேயே ஒரு விருந்து நடத்துவார். வருபவர் வாயிலில் சில காசு கொடுப்பர். உள்ளே உணவும் பியானோ இசையும் இருக்கும். திரண்ட காசு வாடகைக்குப் போகும். ஃபாட்ஸ் வாலர் போன்ற பெரும் இசைக்கலைஞர்கள் இவ்வீடுகளில் வாசித்தனர். இதே மரபின் சாயலை 1973 ஆகஸ்டு 11இல் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்திலும் காணலாம். பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டிச் சிண்டி கேம்ப்பெல் என்னும் பெண் தம் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அவ்விருந்தை நடத்தினார். அவருடைய அண்ணன் இசைத்தட்டுகளை இயக்கினார். அந்த இரவையே ஹிப்ஹாப் இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுகின்றனர்.

வணிகமும் விருந்தைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. டப்பர்வேர் என்னும் பிளாஸ்டிக் பாத்திரங்கள் கடைகளில் விலைபோகவில்லை. மூடியை எவ்வாறு அழுத்தி மூடுவது என்பது பார்ப்பவருக்குப் புரியவில்லை. பிரவுனி வைஸ் என்னும் அம்மையார், இல்லத்தரசியர் தம் அயலாரை வீட்டுக்கு அழைத்துக் காட்டி விற்கும் முறையை வளர்த்தார். 1951இல் நிறுவனம் கடை விற்பனையையே கைவிட்டு இம்முறையை மேற்கொண்டது. ஒரு புகழ்பெற்ற வணிக இதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண் அவர், அது 1954இல். ஆயினும் 1958இல் அவர் நிறுவனத்தினின்று நீக்கப்பட்டார். பெண்களுக்குச் சொந்த வருவாய் அரிதாயிருந்த நாளில் அக்கூட்டங்கள் பலருக்குக் கைக்காசு தந்தன. நட்பு விற்பனைப் பண்டமாயிற்று என்ற குறையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

குழந்தைகளே நடத்தும் ஊர்வலம் ஒன்றும் உண்டு. அக்டோபர் 31ஆம் நாள் மாலை, ஹாலோவீன் வேடமிட்ட சிறுவர் வீடுவீடாகச் சென்று இனிப்பு கேட்பர். முன்பின் அறியாதவர் கதவைத் தட்டவும், தட்டினால் திறக்கவும் உரிய மாலை அது. போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947இல் நீங்கியபின் இவ்வழக்கம் பெருகிற்று. 1950இல் பிலடெல்பியாவில் சிறுவர் சிலர் இனிப்போடு பிறநாட்டுக் குழந்தைகளுக்காகக் காசும் திரட்டினர். அது யூனிசெஃப் நிறுவனத்துக்கான பேரியக்கமாக வளர்ந்தது.

இவ்வளவு முயன்று வளர்த்த வழக்கங்கள் இன்று எந்நிலையில் உள்ளன? ராபர்ட் பட்னம் என்னும் பேராசிரியர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கவலையூட்டும் கணக்கு ஒன்றைத் தந்தார். 1970களின் பிற்பகுதியில் சராசரி அமெரிக்கர் ஆண்டுக்கு 14, 15 முறை நண்பரை வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். 1990களின் இறுதியில் அது 8 முறையாகக் குறைந்துவிட்டது. தொலைக்காட்சி, நெடுந்தூரப் பயணம், வேலைப்பளு, தலைமுறை மாற்றம் ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார். 2023இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த இந்திய வம்சாவளியினரான விவேக் மூர்த்தி, தனிமையை உடல்நலக் கேடு என்றே அறிவித்து ஓர் அறிக்கை விடுத்தார். நண்பரோடு நேரில் கழிக்கும் பொழுது 2003இல் நாளொன்றுக்கு 60 நிமிடமாக இருந்தது, 2020இல் 20 நிமிடமாயிற்று என்று அவ்வறிக்கை கூறிற்று. 2020 தொற்றுநோய் ஆண்டு என்பது உண்மையே. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இச்சரிவில் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அழைப்பு என்பது உழைப்பு. நாள் குறித்து, பட்டியலிட்டு, வீட்டைத் துப்புரவாக்கி, சமைத்து, பாத்திரம் கழுவும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே பெரும்பாலும் செய்துவந்தனர். அவ்வுழைப்பை எவரும் கணக்கிடவில்லை. அவர்களிற் பலர் வெளி வேலைக்குச் சென்றபோது ஆண்கள் அப்பொறுப்பை அந்த அளவுக்கு ஏற்கவில்லை. ஆகவே வீட்டுக் கதவுகள் மெல்ல மூடின. சுற்றம் பிறப்பால் அமைந்த ஊரில், எவரும் அழைக்காவிட்டாலும் நல்லது கெட்டதற்கு நாலுபேர் வருவர். அழைப்பால் அமைந்த சுற்றமோ, அழைப்பு நின்றவுடன் கலைந்துவிடும்.

இதனை உணர்ந்தோர் முயற்சிகளும் இல்லாமலில்லை. 1984 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்து முதற் செவ்வாயன்று, அயலாரும் காவல்துறையினரும் தெருக்களில் கூடிப் பழகும் இரவு ஒன்று நடத்தப்படுகிறது. தெருவின் இரு முனைகளையும் நகராட்சியின் இசைவோடு அடைத்து, மேசைகளைச் சாலையிலேயே இட்டு உண்ணும் தெரு விருந்துகளும் தொடர்கின்றன. குடும்பத்தை விட்டுத் தொலைவில் வாழும் இளைஞர்கள், நன்றி நவிலும் நாளை ஒட்டி நண்பர்களுக்கென்றே ஒரு பாட்லக் விருந்தை இந்நூற்றாண்டில் வழக்கமாக்கியுள்ளனர்.

அந்நாட்டில் குடியேறிய தமிழரும் இந்த முறையைக் கற்றுக்கொண்டனர். 1987இல் உருவான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை தன் ஆண்டு விழாவைப் பெரும்பாலும் ஜூலை 4ஐ ஒட்டிய விடுமுறையில் நடத்துகிறது. பொங்கலுக்கு அங்கு விடுமுறை இல்லை. எனவே சங்கத்தார் அதனை அடுத்து வரும் வார இறுதியில், வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கில் கொண்டாடுகின்றனர். மதுரையாரும் யாழ்ப்பாணத்தாரும் சிங்கப்பூராரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து ஒரே மேசையில் வைக்கின்றனர். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவே வாய்ப்பில்லாதவர்கள் இவர்கள்.

நம் நாட்டிலும் மக்கள் பிறந்த ஊரை விட்டு வேலையின் பொருட்டுத் தொலைதூர நகரங்களில் வாழ்கின்றனர். அடுக்குமாடியில் எதிர்வீட்டார் பெயர் தெரியாத நிலை நமக்கும் புதிதன்று. அமெரிக்கரின் வான்கோழியும் கரியடுப்பும் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் செலவைப் பகிர்ந்துகொள்ளும் அவர்களுடைய எளிய முறையும், புதியவரை அறிமுகம் செய்யும் பொறுப்புணர்ச்சியும், வர இயலாதபோதும் மறுமொழி தரும் ஒழுக்கமும் கொள்ளத்தக்கவை. யாரை அழைக்காமல் விட்டோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதும், அழைக்கும் வேலையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்பதும் அவர்கள் வரலாறு நமக்குக் காட்டும் எச்சரிக்கைகள். அடுத்த பண்டிகைக்கு முன் எதிர்வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.